எக்செல் இருட்டில் இருக்கிறதா, வெளிச்சத்தில் இருக்கிறதா?

எக்செலின் ரிப்பனில் (மேலே உள்ள பொத்தான் பட்டையில்) ஒரு பொத்தானைச் சேர்த்து, அதற்குக் கறுப்புக் கோடுகளால் ஒரு சின்னமும் வரைகிறீர்கள். உங்கள் திரையில் பளிச்சென்று தெரிகிறது. கறுப்புத் தீமில், அதாவது எக்செலின் சாளரமே கறுப்பாகத் தெரியும் தோற்றத்தில், வேலை செய்யும் நண்பருக்கு அதை அனுப்பினால், பொத்தான் இருக்கிறது, சின்னத்தைக் காணோம். வெள்ளைக் கோடுகளில் இன்னொன்று வரைந்துவிடலாம். எதை எப்போது காட்டுவது என்பதுதான் சிக்கல்.

'இப்போது எந்தத் தீம்?' என்று எக்செலிடம் நேராகக் கேட்க, அதன் மேக்ரோக்களை எழுதும் விபிஏ மொழியில் வழியில்லை. பணிப்புத்தகத்துக்கு 'தீம்' என்றொரு பண்பு உண்டு. புதியவர்கள் முதலில் போய் விழும் குழி அதுதான். தாளுக்குள் இருப்பவற்றின் வண்ணம், எழுத்துரு போன்றவற்றை மட்டுமே அது சொல்லும்.

ஆகவே கொல்லைப்புற வழி. நிரல்கள் தம் அமைப்புகளைக் குறித்துவைக்கும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், நடப்புப் பயனரின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபிஸ், 16.0 (ஆஃபிஸின் பதிப்பு எண்), காமன் என்று இறங்கினால் 'யுஐ தீம்' என்ற பெயரில் ஓர் எண் இருக்கும். 0 என்றால் பலவண்ணம், 3 அடர் சாம்பல், 4 கறுப்பு, 5 வெள்ளை. விபிஏவின் சொந்த 'கெட்செட்டிங்' தனக்கென ஒதுக்கிய மூலையைத் தாண்டிப் பார்க்காது. 'டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்'லை அழைத்து, அதன் 'ரெக்ரீட்' மூலம் படிக்க வேண்டும். பதிவே இல்லாவிட்டால் அது பிழை காட்டி நின்றுவிடும். அதற்கும் இரண்டு வரி எழுதிவையுங்கள்.

எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடக் கூடாது. ஆஃபிஸ் 2010-இல் (பதிப்பு 14.0) அந்தப் பதிவின் பெயர் வெறும் 'தீம்', அங்கே 3 என்பது கறுப்பு. 2013-இல் 0 என்பது வெள்ளை. ஒரே எண், பதிப்புக்கு ஒரு பொருள்! இப்போது 6 வேறு சேர்ந்திருக்கிறது: 'விண்டோஸ் எப்படியோ, நானும் அப்படியே.' அப்போது விண்டோஸின் 'பெர்சனலைஸ்' பகுதிக்குப் போய் 'ஆப்ஸ்யூஸ்லைட்தீம்' என்பதைப் படிக்க வேண்டும். 0 என்றால் இருட்டு, 1 என்றால் வெளிச்சம்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் துணைநிரல்களுக்கு இந்த அலைச்சல் குறைவு. 'ஆஃபிஸ்தீம்' என்ற பொருள் பின்னணி, எழுத்து ஆகியவற்றின் நிறங்களையே தந்துவிடுகிறது. எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது. தீமின் பெயர் நமக்கு எதற்கு? பின்னணியின் சிவப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் அதன் ஒளிர்வு வரும். பச்சைக்கு ஏன் அவ்வளவு பங்கு என்றால், நம் கண்ணுக்கு அதுதான் அதிகப் பிரகாசமாகத் தெரிகிறது. ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரையிலான எண் என்பதால், விடை பாதியான 128-க்குக் கீழே இருந்தால் வெள்ளைச் சின்னம்.

விபிஏவில் இன்னும் ஒரு வேலை பாக்கி. பயனர் நடுவில் தீமை மாற்றினால் எக்செல் மேக்ரோவுக்குச் சொல்லி அனுப்பாது. ரிப்பனும் ஒருமுறை வாங்கிய சின்னத்தையே வைத்துக்கொண்டிருக்கும். ரெஜிஸ்ட்ரியை மறுபடி படித்து, 'இன்வாலிடேட்' கட்டளை கொடுத்தால்தான் அது புதிய சின்னத்தைக் கேட்கும்.