ஜேம்ஸ்டவுன் மக்கள் குடித்த ஆற்றுநீர்

1607 ஆகஸ்ட் 6 அன்று, வட அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஜேம்ஸ்டவுன் என்ற பெயரில் புதிதாக எழுந்திருந்த ஆங்கிலேயக் குடியேற்றக் கோட்டைக்குள் ஒருவர் இரத்தபேதியால் இறந்தார். அங்கு வாழ்ந்த ஜார்ஜ் பெர்சி அந்தச் சாவையும், அதைத் தொடர்ந்து ஏறக்குறைய நாள்தோறும் நேர்ந்த சாவுகளையும் தம் குறிப்பில் வரிசையாக எழுதிவைத்தார். மே மாதத்தில் கரையிறங்கிய 104 ஆண்கள், சிறுவர்களில், அடுத்த ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து கப்பல் வந்து சேர்ந்தபோது 38 பேர்தான் எஞ்சியிருந்தனர். பஞ்சமும் பழங்குடியினருடனான மோதலும் இதற்குக் காரணங்களே. ஆனால் அவர்கள் குடித்த தண்ணீரைப் பற்றியும் பெர்சி தெளிவாகவே சொல்லியிருக்கிறார். கடலின் ஓதம் ஏறும்போது அது உப்புக் கரித்தது. ஓதம் வற்றும்போது சேறும் அழுக்குமாக இருந்தது.

இதன் காரணம் ஆறு கடலோடு கலக்கும் விதத்தில் இருக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் அடர்த்தி மிக்கது. ஆகவே ஆற்றுநீர் மேலே கடலை நோக்கிச் செல்ல, உப்புநீர் அடியில் நுழைந்து ஆற்றை எதிர்த்து உள்ளே ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்த நுண்ணிய களிமண் துகள்கள் உப்புப் பட்டதும் ஒட்டித் திரள்கின்றன. அடிநீரோட்டமும் அங்கே ஓய்ந்துவிடுவதால், ஆற்றில் விழுந்த கழிவு கடலுக்குப் போகாமல் ஓதத்தோடு முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கிறது. வசந்தகாலத்தில் வெள்ளம் இந்தச் சந்திப்பைக் கடல் பக்கம் தள்ளிவிடும். கோடையில் ஆற்றின் வரத்து குறையக் குறைய அது மேல்நோக்கி நகர்ந்து, ஜேம்ஸ்டவுன் தீவின் அருகே வந்து நிற்கும். சாவுகள் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் குவிந்ததை இதனோடு பொருத்தி, இரத்தபேதி, டைபாய்டு, உப்பு நஞ்சு ஆகிய மூன்றும் சேர்ந்தே அவர்களைக் கொன்றன என்று புவியியலாளர் கார்வில் ஏர்ல் 1979-இல் வாதிட்டார்.

இதில் என் மனத்தை மிகவும் வருத்துவது உப்புதான். சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் உப்பை வெளியேற்ற இயலாது. மிஞ்சிய சோடியம் நீரைப் பிடித்துவைப்பதால் உடல் வீங்குகிறது, சோர்வும் எரிச்சலும் மிகுகின்றன. பெர்சியின் குறிப்பில் வீக்கமும் கடுங்காய்ச்சலும் இடம்பெறுகின்றன. ஆனால் குடியேறிகளின் சோர்வைக் கண்ட அக்காலத் தலைவர்களும் பிற்கால வரலாற்றாசிரியர் பலரும் அதைச் சோம்பல் என்றே எழுதினர். வேலை செய்யாதவருக்கு உணவில்லை என்று குடியேற்றத்தின் தலைவராக இருந்த ஜான் ஸ்மித் விதியே போட்டார். உடலுழைப்பு அறியாத கனவான்கள் பலர் அங்கிருந்தது உண்மை. எனினும், நோயுற்ற உடலின் தளர்ச்சியைக் குணக்கேடாகத் தீர்ப்பிட்டது அம்மனிதர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன்.

காலமும் அவர்களுக்கு எதிராக இருந்தது. அப்பகுதியின் சதுப்பு நிலங்களில் பல நூற்றாண்டுகள் வாழும் சைப்ரஸ் மரங்களின் ஆண்டு வளையங்கள், மழை குறைந்த ஆண்டில் ஒடுங்கியும் மிகுந்த ஆண்டில் அகன்றும் அமைகின்றன. அவற்றை அளந்து 1998-இல் வெளியான ஆய்வு, 1606 முதல் 1612 வரையிலான காலமே 770 ஆண்டுகளில் மிகக் கொடிய ஏழாண்டு வறட்சி என்று காட்டியது. கோட்டைக் கிணறுகளில் அகழ்ந்தெடுத்த சிப்பி ஓடுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. மழைநீரைவிடக் கடல்நீரில் கனமான ஆக்சிஜன் அணுக்களின் பங்கு அதிகம். தான் வளர்ந்த நீரின் அந்த விகிதத்தைச் சிப்பி தன் ஓட்டில் பதித்துக்கொள்வதால், அன்றைய ஆறு இன்றைவிட உவர்ப்பாக இருந்தது தெரிய வருகிறது. வறட்சி அப்பகுதிப் பழங்குடியினரான பவ்ஹாட்டன் மக்களின் சோள விளைச்சலையும் கெடுத்ததால், அவர்களிடம் தானியம் கேட்டு ஆங்கிலேயர் செய்த பேரங்கள் பறிப்பாகவும் போராகவும் மாறின.

தாழ்ந்த, ஈரமான இடத்தில் குடியேறக் கூடாது என்று இவர்களை அனுப்பிய வர்ஜீனியா கம்பெனி முன்னரே அறிவுறுத்தியிருந்தது. ஆனால் கப்பல்களைக் கரை மரங்களிலேயே கட்டும் அளவுக்கு அங்கே ஆழம் இருந்ததும், ஸ்பானியரின் தாக்குதலைத் தடுக்க ஏற்ற இடமாக அது தோன்றியதும் அந்த அறிவுரையை வென்றுவிட்டன. 1609-இல் எலிகள் சோளத்தைத் தின்றுவிட, உணவு தேடுவதற்காக ஸ்மித் தம் ஆட்களில் பலரைக் கோட்டைக்கு வெளியே பல இடங்களுக்குப் பிரித்தனுப்பினார். அந்தப் பருவத்தில் நோயால் இறந்தவர் மிகச் சிலரே. 1611-இல் குடியேற்றத்தின் நிர்வாகத்தை ஏற்ற தாமஸ் டேல், உப்பு எட்டாத மேலாற்றுப் பகுதியில் ஹென்ரிக்கோ என்ற புதிய குடியிருப்பை அமைத்து, மக்களில் ஒரு பகுதியினரை அங்கே குடியமர்த்தினார்.