ஜிஎம்ஐ: ஏ1சி-யின் இன்னொரு பெயர் அல்ல

குளுக்கோஸ் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு வரும் அறிக்கையில் ‘ஜிஎம்ஐ 6.9%’ என்று ஒரு வரி இருக்கும். அதே வாரம் லேபில் ரத்தம் கொடுத்தால் ஏ1சி 7.4 என்று வரலாம். சென்சார் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டும் அளப்பதே வேறு.

நாம் ‘மூணு மாசச் சர்க்கரை’ என்கிற எச்பிஏ1சி, சுருக்கமாக ஏ1சி, சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தின் மேல் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. பெயரில் உள்ள ‘ஏ’ பெரியவர்களின் உடலில் இருக்கும் ஹீமோகுளோபின் வகையைக் குறிக்கும். அதைப் பிரித்தெடுத்தபோது கிடைத்த சிறு பகுதிகளுக்கு 1ஏ, 1பி, 1சி என்று பெயர் வைத்தார்கள். நீரிழிவு உள்ளவர்களிடம் இது கூடுதலாக இருப்பதை 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கண்டார்.

சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரில் குளுக்கோஸை அளக்கிறது. அந்த அளவுகளின் சராசரியை, வழக்கமாக 14 நாள் சராசரியை, 0.02392 ஆல் பெருக்கி 3.31 கூட்டினால் ஜிஎம்ஐ. சராசரி டெசிலிட்டருக்கு 150 மி.கி. என்றால் 6.9.

முன்பு இந்த எண்ணுக்கு ‘மதிப்பிடப்பட்ட ஏ1சி’ என்றே பெயர். லேப் எண்ணோடு ஒத்துப்போகாமல் நோயாளிகளும் மருத்துவர்களும் குழம்பினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் பெயரை மாற்றச் சொன்னது. 2018இல் ‘குளுக்கோஸ் மேனேஜ்மென்ட் இண்டிகேட்டர்’ வந்தது. அதன் சுருக்கம்தான் ஜிஎம்ஐ. ஒரு பெயரை மாற்றியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்தார்கள் என்பதால் எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனி மரியாதை.

மீதிக் குழப்பம் சிவப்பணுவால் வருவது. அதன் ஆயுள் சுமார் 120 நாள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் சர்க்கரை கூடாமலே ஏ1சி ஏறித் தெரியலாம். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இந்தச் சோகை இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ரத்த இழப்பு, அணுக்கள் சீக்கிரம் அழிவது போன்றவற்றில் ஏ1சி இறங்கிக் காட்டும். ஜிஎம்ஐ இதில் சிக்காது. ஆனால் அதற்கு அந்த 14 நாள்தான் தெரியும், முந்தைய இரண்டரை மாதம் தெரியாது. இரண்டு அறிக்கையையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சர்க்கரை’ என்றால் காப்பியில் போடுவதும் அதுதான், நோயும் அதுதான். எனவே ‘குளுக்கோஸ்’ அப்படியே இருக்கட்டும். ‘மேலாண்மை’யில் அலுவலக வாடை அடிக்கிறது, உடம்பைப் பேணுவது என்பது நம் பேச்சு. ‘இண்டிகேட்டர்’ சுட்டிக்காட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. அ, இ என்ற சுட்டெழுத்துகள் பொருளைச் சொல்வதில்லை, அது இருக்கும் திசையைத்தான் காட்டுகின்றன. இந்த எண் செய்வதும் அதுவே. ஆகவே என் தேர்வு: குளுக்கோஸ் பேணல் சுட்டெண்.