டிஸ்பாட்சும் ‘அனுப்புகை’யும்

‘தீயணைப்பு அனுப்புகை மையம்.’ தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ் அறிவிப்புகளில் இந்தத் தொடர் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. தீ என்று போன் வந்தால் எடுத்து, வண்டியைக் கிளப்பிவிடும் அறைக்கு வைத்த பெயர் இது; ஆங்கிலத்தில் டிஸ்பாட்ச் சென்டர். தீமிதிக்கு அச்சடிக்கும் துண்டறிக்கையிலும் இருக்கிறது, முதியோர் சங்கச் சுற்றறிக்கையிலும் இருக்கிறது. யாரோ ஒருவர் அகராதியில் ‘டிஸ்பாட்ச்’ என்பதற்கு எதிரே முதலில் கிடந்த சொல்லை எடுத்து வைத்தார். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார். இனி அதுவே கலைச்சொல் ஆகிவிடும்.

டிஸ்பாட்ச் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய, ஸ்பானியச் சொற்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆளையோ ஓலையையோ அனுப்பிவைப்பது ஒரு பொருள். காரியத்தைச் சட்டென்று முடிப்பது இன்னொன்று. இரண்டிலும் அவசரம் உண்டு, அது முக்கியம். வரலாறு இவ்வளவு போதும்.

‘அனுப்புகை’யில் அந்த அவசரம் துளியும் இல்லை. அது அலுவலகத் தபால் பிரிவின் சொல். உறை ஒட்டி, பதிவேட்டில் எண் போட்டு, மாலைத் தபாலில் சேர்ப்பதுதான் அனுப்புகை. வீடு எரியும்போது அந்த மேசைக்கா போன் பண்ணுவது?

அவசரம் மட்டும் போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த அறையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி அனுப்புவதே அல்ல. அழைப்பு வந்ததும் முதல் பாடு இடத்தைக் கண்டுபிடிப்பது. டர்பன் தெருப்பெயர்களை மாற்றிப் பல வருடங்கள் ஆகியும், நம் பெரியவர்கள் வாயில் கிரே ஸ்ட்ரீட் கிரே ஸ்ட்ரீட்தான். பலகையில் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் என்று இருக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தெருக்களுக்கு வெறும் எண் மட்டுமே இருந்த காலம் உண்டு, இன்றும் சிலர் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். பதற்றத்தில் ஒருவர் “கோயிலுக்குப் பின்னால” என்பார். எந்தக் கோயில்? அதைக் கேட்டு வாங்கி, வரைபடத்தில் வைத்து, என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று விசாரித்த பிறகுதான் வண்டி. இந்த நேரமும் கணக்கில் சேரும். இடத்தின் ஆபத்து வகையைப் பொறுத்து எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று தீயணைப்புக்கான தென்னாப்பிரிக்கத் தரநிலை 10090 வகுத்திருக்கிறது. அழைப்பைக் கையாளும் நேரம், வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பும் நேரம், சாலையில் ஓடும் நேரம் மூன்றும் அதில் அடக்கம்.

எந்த மாதிரி இடத்துக்கு எத்தனை வண்டி என்பதும் பெரும்பாலும் முன்பே தீர்மானமாகியிருக்கும். சாதாரண வீட்டுக்கு ஒரு கணக்கு, ரசாயனக் கிடங்குக்கு வேறு கணக்கு. ஒரு நிலையத்து வண்டிகள் எல்லாம் வெளியே போய்விட்டால் பக்கத்து நிலையத்து வண்டியை அங்கே நகர்த்தி நிறுத்துவார்கள். அங்கே தீயே இருக்காது. அப்புறம் கரும்புக்காடு. அறுவடைக்கு முன் தோகையைக் கொளுத்துவது டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வழக்கம். வானம் முட்டப் புகை எழும்பும், நெடுஞ்சாலையில் போகிறவர் பயந்து போன் போடுவார். அது விவசாயி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வைத்த தீயா, கைமீறிய தீயா என்று பார்த்து, தேவையில்லை என்றால் யாரையும் அனுப்பாமல் இருப்பதும் இந்த அறையின் வேலைதான். அனுப்பாமல் இருப்பதற்கும் அனுப்புகை என்றா பெயர்?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘ஏவல் மையம்’ என்கிறார்கள். வேர் நல்ல வேர்தான். ஏவுகணை, ஏவுதளம் எல்லாம் அதில் பிறந்தவைதான். ஆனால் பில்லி, சூனியம், ஏவல் என்று சேர்த்தே கேட்டு வளர்ந்த காதுக்கு ‘தீயணைப்பு ஏவல் மையம்’ எப்படி விழும்? எலுமிச்சம்பழத்தோடு போய் நிற்க வேண்டியதுதான். ‘பணிப்பகம்’ என்று சொல்லிப் பார்த்தால் ஆணையிடுதல் என்ற பொருள் வருகிறது. ஆனால் அங்கே வேலை செய்கிறவரைப் பணிப்பாளர் என்று எழுதினால் இலங்கைத் தமிழர் அவரை டைரக்டர் ஆக்கிவிடுவார்கள்.

‘கட்டளை மையம்’ இதைவிட மோசம், ஏனென்றால் அது தவறான செய்தியையே தருகிறது. தீ எரியும் இடத்தில் கட்டளை இடுகிறவர் அங்கே போய் இறங்கிய அதிகாரி. நிலைமையை ரேடியோவில் சொல்வதும், இன்னும் இரண்டு வண்டி வேண்டும் என்று கேட்பதும் அவர்தான். மைய அறை அதைக் கேட்டு ஏற்பாடு செய்யும், தீயை எப்படி அணைப்பது என்று அவருக்குச் சொல்லாது. வெள்ளம் போன்ற பெரிய இடர்களுக்கு 2002ஆம் ஆண்டின் 57ஆம் எண் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நாடு, மாகாணம், நகராட்சி என்று தனித்தனி மையங்கள் உண்டு. தீ எரியும் இடத்து அதிகாரி, மைய அறை, பேரிடர் மையம் என்று இந்த மூன்றின் வேலைகளையும் ஒரே ‘கட்டளை’யில் போட்டுக் குழப்புகிறார்கள். ‘கட்டுப்பாட்டு அறை’யோடு எனக்குச் சண்டை இல்லை. வீட்டில் எல்லோரும் கண்ட்ரோல் என்றே சொல்கிறோம், அது அந்த அறைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அறைக்குள் நடக்கும் வேலைக்குத்தான் சொல் வேண்டும்.

பிரிட்டிஷ் தீயணைப்பு வழக்கில் இந்த வேலைக்கு டிஸ்பாட்ச் என்பதைவிட ‘மொபிலைசிங்’ என்ற சொல்லே பழக்கம். நிற்கிற படையைக் கிளப்புவது. தமிழில் இதற்கு நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறது: முடுக்கிவிடுதல். ‘மீட்புப் பணிகள் முடுக்கிவிடப்பட்டன’ என்று எத்தனை முறை படித்திருப்போம்! முடுகு என்றால் விரை. யாப்பில் முடுகு வண்ணம் ஓடுகிற ஓட்டத்தைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முடுகை அடுத்தவரிடம் உண்டாக்குவது முடுக்கு. ஆகவே தீயணைப்பு முடுக்க மையம், அதில் இருப்பவர் முடுக்குநர். இயற்பியல் பாடத்தில் முடுக்கம் வேறு பொருளில் வருகிறதே என்பார்கள். வரட்டும், வண்டி வேகமெடுப்பதுதானே அங்கேயும்! தெற்கத்தி ஊர்களில் முடுக்கு என்றால் சந்து. அதுவும் தெரியும். சந்துக்குள் வண்டி போகுமா என்று பார்ப்பதும் முடுக்குநர் பாடுதான், விடுங்கள்.

இங்கே தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களே கொஞ்சம் பேர். பலர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் கையில் அகராதிச் சொல்லைத் திணித்தால் தாளை மடித்து வைத்துவிட்டு ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டுவார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது, தமிழ்நாட்டு வாசகத்தை அப்படியே நகல் எடுக்கிறார்கள். சமீபத்தில் பார்த்த ஒரு துண்டறிக்கையில் தீ விபத்துக்கு 101ஐ அழைக்கவும் என்றே அச்சாகியிருந்தது. அது இந்தியாவின் எண். தென்னாப்பிரிக்காவில் 10177, கைபேசியிலிருந்து 112.