சந்தா கட்டும் முன் பேரேட்டைப் பாருங்கள்

மதுரையை அடுத்த கப்பலூரில் பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் செய்யும் ஒருவரின் கணக்கைச் சென்ற வாரம் சரிபார்த்தபோது, சந்தா என்ற தலைப்பின் கீழ் மூன்று வணிக அமைப்புகள் இருந்தன. அவற்றின் வழியாக எவ்வளவு விற்பனை வந்தது என்று கேட்டதற்கு, சக உறுப்பினர் ஒருவருக்கு அன்பளிப்புக்காகச் செய்து கொடுத்த 2,000 பேனா ஸ்டாண்டுகளின் பில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினார். இந்த ஆண்டில் என் மேசைக்கு இப்படி வந்த நான்காவது பேரேடு இது.

சேர்ந்துவிட்டால் ஆர்டர் தானாக வரும் என்ற நம்பிக்கை எத்தனை முறை சொன்னாலும் போவதில்லை. வாரந்தோறும் அதிகாலையில் கூடி, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைச் சொல்லிவிடும் பரிந்துரைக் குழுக்களில் பொதுவாக ஒரு தொழிலுக்கு ஒருவரைத்தான் சேர்ப்பார்கள். போட்டியாளர் இல்லை என்பதையே பெரிய வரமாகச் சொல்கிறார்கள். ஆனால், வாங்குபவரும் அங்கே இல்லையே! காப்பீட்டு முகவர், புகைப்படக்காரர், பல் மருத்துவர் என்று அமர்ந்திருக்கும் அந்த மேசையில், மாதம் பத்தாயிரம் பாட்டில் மூடி வாங்கப்போகிறவர் யார்? அதே குழுவிலுள்ள கேட்டரிங்காரருக்கு எல்லா வீடும் வாடிக்கை என்பதால், கட்டிய பணம் இரண்டு விசேஷங்களில் திரும்பிவிடும். பரிந்துரைச் சீட்டில் இருப்பது ஒரு தொலைபேசி எண் மட்டுமே. அதை விற்பனையாக எண்ணிக் கூட்டாதீர்கள்.

முதல் பத்து வாடிக்கையாளர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதுங்கள். தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கொடுப்பவர் சிறு, குறு தொழில் முனைவோர் கூடும் மடீட்சியாவையும், மொத்த வியாபாரி 1924 முதல் மதுரையில் இயங்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கத்தையும் முதலில் விசாரிக்கலாம். அரசு அலுவலகங்களுக்கு விற்க நினைப்பவருக்கு அரசுக் கொள்முதலுக்கான இணையச் சந்தையான ஜெம் தளம் இருக்கிறது. எதுவானாலும், விருந்தினராக இரண்டு கூட்டங்களில் உட்கார்ந்து பார்க்காமல் காசோலை எழுத வேண்டாம். கட்டணத்தோடு, ஆண்டுக்கு 52 காலை வேளைகளையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். அந்தப் பேனா ஸ்டாண்டு பில்லுக்கு ஏழு மாதமாகப் பணம் வரவில்லை, அதற்குரிய ஜி.எஸ்.டி.யை மட்டும் இவர் கைக்காசிலிருந்து கட்டியிருக்கிறார். "வாரா வாரம் எதிரே உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுகிறோம், எப்படி சார் கேட்பது?" என்கிறார். உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்களுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது சட்டம். (அந்தப் பதிவு இலவசம், யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.) கேட்கக் கூச்சமாக இருந்தால், ஆடிட்டர் கேட்கச் சொன்னார் என்று என்மீது பழியைப் போட்டாவது கேளுங்கள்.