கடலோரச் சுவரும் மீன் முட்டைகளும்

அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலின் கரையோரம் வீடு வாங்கியவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கரை அரிக்காமல் இருக்க ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பிக்கொள்ளலாமா?" கேட்பதில் தப்பே இல்லை. காசு போட்டு வாங்கிய நிலம் மழைக்காலத்துக்கு மழைக்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். ஆனால் சுவருக்கு அடித்தளம் தோண்டும் அந்த இடத்திலேயே மீன் முட்டைகள் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் இந்த உள்கடலில் இரைமீன்களின் முட்டைகளைத் தேடிக் கணக்கெடுப்பது என் தொழில். அதனால் இதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

மிதவை உயிரிகளைத் தின்று கூட்டமாகத் திரியும் சின்ன மீன்களைத்தான் இரைமீன்கள் என்கிறோம். பெரிய மீன், கடற்பறவை, கடல்நாய் எல்லாம் இவற்றை நம்பியே வாழ்கின்றன. இந்தப் பகுதியின் மீன் தின்னும் வகை ஓர்கா திமிங்கிலங்கள் முக்கியமாகச் சினூக் சால்மனைத் தின்கின்றன; அந்தச் சால்மன் இரைமீன்களைத் தின்று வளர்கிறது. ஓர்காவைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு கரையின் மணல் வரைக்கும் வருவது அரிது.

சர்ஃப் ஸ்மெல்ட் என்ற மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளம் இருந்தால் அதிகம். உயர் ஓதத்தின்போது, அதாவது கடல்நீர் கரையில் மேலேறி நிற்கும்போது, கரையை ஒட்டிய சில அங்குலத் தண்ணீருக்குள் கூட்டமாக வந்து, மணலும் பொடிக்கல்லும் கலந்த இடத்தில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு சின்னக் காம்பு போன்ற பிடிப்பால் மணற்துகளில் ஒட்டிக்கொள்ளும். ஓதம் இறங்கியதும் அந்த முட்டைகள் மணிக்கணக்கில் தண்ணீருக்கு வெளியே கிடக்கும். கோடையில் குஞ்சு பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். குளிர்காலத்தில் ஒரு மாதத்துக்கும் மேல். சில கரைகளில் ஆண்டு முழுவதுமே முட்டையிடுகின்றன.

மீன் ஏன் முட்டையைத் தண்ணீருக்கு வெளியே வைக்க வேண்டும்? அங்கே கடலுக்குள் இருக்கும் முட்டைத்தின்னிகளின் தொல்லை குறைவு. துகள்களுக்கு நடுவே காற்று புகுந்து வருவதால் ஆக்சிஜனுக்குக் குறையில்லை. குளிர்ந்த கடல்நீரைவிடக் கரையில் வெதுவெதுப்பும் கூடுதல். கரு சீக்கிரம் வளரும். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது: ஈரம். கரைமேட்டின் மேல் நிற்கும் மரங்களின் நிழல், அலை கொண்டுவந்து போடும் கடற்பாசிக் குவியல், ஒதுங்கிக் கிடக்கும் மரக்கட்டைகள் ஆகிய மூன்றும்தான் அந்த ஈரத்தைக் காக்கின்றன. காட்சி நன்றாகத் தெரிய வேண்டும் என்று மரத்தை வெட்டுவதும், அசிங்கமாக இருக்கிறது என்று பாசியை வாரி எறிவதும் முட்டையை வெயிலில் காய வைப்பதில்தான் முடியும்.

முட்டையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்கு மேல்மணலை ஆங்காங்கே சுரண்டி அள்ளுவோம். அதைச் சல்லடைகளில் சலித்து, பெரிய கல்லையும் மிக நுண்ணிய மணலையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் சுழற்றி அரிப்போம். முட்டை மணலைவிட எடை குறைவு என்பதால் மேலே வந்து சேரும். அப்புறம் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் கரு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். சிலவற்றில் செல்கள் இப்போதுதான் பிரியத் தொடங்கியிருக்கும். சிலவற்றில் கரு சுருண்டு கிடக்கும், இரண்டு கரிய கண்கள் பளிச்சென்று தெரியும். ஒரே அள்ளலில் வெவ்வேறு வயது முட்டைகள் கிடைப்பதும் உண்டு. அப்படியென்றால் மீன்கள் அதே இடத்துக்குப் பல முறை வந்து போயிருக்கின்றன. இந்தக் கடலின் முட்டைக் கரைகளை வரைபடமாக்கியதில் பெரும் பங்கு மாநில மீன்வளத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய உயிரியலாளர் டேன் பென்டிலாவுடையது.

சாண்ட் லான்ஸ் இன்னும் நுணுக்கமான மீன். இரவிலும் ஆபத்து வரும்போதும் மணலுக்குள் புதைந்துகொள்ளும். இங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, சர்ஃப் ஸ்மெல்ட் தேடுவதைவிட நைசான மணலில் முட்டையிடும். முட்டையின் மேல் மணற்துகள்கள் அப்பிக்கொள்வதால் மணலுக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. அது இந்தக் கரைகளில் ஓதப் பகுதியிலேயே முட்டையிடுகிறது என்பது 1989-இல்தான் தெரியவந்தது. அதற்கு முன் கட்டிய சுவர்கள் எத்தனை முட்டைக் கரைகளின் மேல் நிற்கின்றன என்று யோசிக்கவே வருத்தமாக இருக்கிறது.

சரி, சுவர் என்னதான் செய்கிறது? முதல் பாதிப்பு நேரடியானது: கரையின் மேல்பகுதியில் உட்கார்ந்து, அந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறது. அடுத்தது மெதுவாக நடக்கும், ஆனால் அதைவிடக் கொடுமையானது. இங்குள்ள கரைமேடுகள் பனியாறுகள் விட்டுச்சென்ற மண்ணும் கல்லும் சேர்ந்தவை. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவதால்தான் கீழே மணல் சேருகிறது. அலைகள் அந்த மணலைக் கரையை ஒட்டியே நகர்த்தி, கிலோமீட்டர்கள் தாண்டிக் கொண்டுபோகின்றன. மேட்டின் அடியில் சுவர் வந்துவிட்டால் மணல் வரத்து நின்றுபோகும், இருக்கும் நைசு மணலும் போகும், பெருங்கல் மட்டும் மிஞ்சும். அதில் இந்த மீன்கள் முட்டையிடாது. ஒருவர் தன் வீட்டைக் காக்கக் கட்டும் சுவர், அவர் முகம்கூடப் பார்த்திராத ஒருவரின் கரையைப் பட்டினி போடுகிறது. கடல்மட்டம் உயரும்போது இயல்பான கரை பின்வாங்கும். சுவர் இருந்தால் பின்வாங்க இடமில்லாமல் கரையே மூழ்கும். பியூஜெட் சவுண்டின் சுமார் 4,000 கிலோமீட்டர் கரையில் கால்பங்குக்கும் மேல் இப்படி ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால் இருக்கிறது.

வெப்பத்தின் கணக்கும் உண்டு. இங்கே ஓர் இயல்பான நிழற்கரையையும் அதற்கு அருகே சுவர் கட்டி மரம் அகற்றிய கரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளியானது. மாற்றப்பட்ட கரை அதிகச் சூடாகவும் வறண்டும் இருந்தது. அங்கே கிடைத்த சர்ஃப் ஸ்மெல்ட் முட்டைகளில் உயிருள்ள கருக்களின் விகிதம் மற்றதில் பாதி அளவுதான்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் வாழும் கேப்லின் என்ற இரைமீனைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோடைத் தொடக்கத்தில் அலையோடு அலையாகக் கரையில் புரண்டு முட்டையிடும் மீன் அது. பொரித்த குஞ்சுகள் உடனே கடலுக்குப் போவதில்லை; கூழாங்கற்களுக்கு இடையிலேயே தங்குகின்றன. கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று வீசும்போது வெதுவெதுப்பான, குஞ்சுக்கு இரை மிகுந்த, எதிரிகள் குறைந்த நீர் வந்து சேர்கிறது. அப்போது குஞ்சுகள் ஒன்றாக வெளியேறுகின்றன. காத்திருப்பதற்கும் அந்தக் கல்லும் மணலும்தான் இடம். அந்தக் கேப்லின் கூட்டம் 1990-91-இல் சரிந்தது. இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஹெர்ரிங் மீனின் கதை வேறு. அது மணலைத் தேடுவதில்லை. கடற்புல்லிலும் பாசியிலும் முட்டையை ஒட்ட வைக்கிறது. ஆண்மீன்களின் விந்தால் கரையோரத் தண்ணீரே பால்போல் வெளுத்துவிடும். அதற்கு எதிரி, கடற்புல்லைப் பிய்க்கும் நங்கூரமும் மரம் உளுத்துப்போகாமல் இருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசிய பழைய படகுத்துறைக் கம்பங்களும். அந்தக் கம்பத்தில் ஒட்டும் முட்டைகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

சுவர் கட்ட நினைப்பவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஒப்பந்தக்காரரைக் கூப்பிடும் முன் ஒரு கடலோர நிலவியலாளரைக் கூட்டிவந்து, வீட்டுக்கு உண்மையில் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் மேட்டின் மேல் வடிகாலைச் சரிசெய்தாலே சரிவு குறைந்துவிடும். சில இடங்களில் மணல் கொட்டி, மரக்கட்டைகளை நங்கூரமிட்டு வைத்தால் போதும். வீட்டையே பின்னுக்கு நகர்த்துவது செலவு என்றாலும் அதையும் சிலர் செய்திருக்கிறார்கள். பழைய சுவர் பழுதாகி நிற்கிறதா? அதே இடத்தில் அதே மாதிரி கட்டுவதுதான் வழி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாற்றிக் கட்டும்போது, தொழில்நுட்பரீதியாக முடிந்தவற்றில் மீனின் வாழிடத்துக்கு மிகக் குறைந்த பாதிப்புள்ள வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் 2021-இல் மாற்றப்பட்டது. எந்த வேலையாக இருந்தாலும், அந்தக் கரையில் முட்டை பதிவாகியிருக்கிறதா என்று மாநில மீன்வளத் துறையின் வரைபடத்தில் முதலில் பாருங்கள். பதிவு இல்லை என்பதால் முட்டை இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் கரையை யாரும் இன்னும் சலித்துப் பார்க்காமல்கூட இருந்திருக்கலாம்.