வாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறீர்களா? தயவுசெய்து நிறுத்துங்கள்

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், வேலூரில் பழைய வண்டி பார்க்கும் பட்டறைகளுக்கு ஒரே மாதிரி வேலைதான் வரும். வருஷம் முழுக்க மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்தி நின்ற புல்லட். பூஜைக்காக வெளியே எடுத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, டேங்க்கில் கிடந்த பழைய பெட்ரோலிலேயே உதை உதை என்று உதைத்திருப்பார்கள். ஒன்று, ஸ்டார்ட் ஆகியிருக்காது. இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகி நாலு தெரு சுற்றியதும் உள்ளே இரும்பு தட்டும் சத்தம் வந்திருக்கும். தள்ளிக்கொண்டு வருபவர் சொல்வதும் மாறாது: “அப்பா வண்டிண்ணே. யாரும் ஓட்டல, பத்திரமா வெச்சிருந்தோம். வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுவோம்.”

அந்த ஐந்து நிமிடம்தான் வண்டியைக் கெடுத்தது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். ஓடிச் சூடான இன்ஜினில் அது ஆவியாகவே சைலென்சர் வழியாகப் போய்விடும், நம் கண்ணில் படாது. குளிர்ந்த இன்ஜினில் போகாது. ஒரு பகுதி பிஸ்டன் ரிங் இடுக்கில் இறங்கி இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் போய் ஆயிலோடு கலக்கும். மீதி சைலென்சர் குழாயிலேயே தங்கும். ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடிய வண்டியின் சிலிண்டர் ஃபின்னைத் தொட்டால் கை சுடும், உண்மைதான். அதை வைத்து இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடியில் கிடக்கும் இரண்டு லிட்டர் ஆயில் அப்போதும் சில்லென்றுதான் இருக்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி பிரீதர் வழியே வெளியேறும். அதற்கு வண்டி ரோட்டில், லோடில், அரை மணி நேரமாவது ஓட வேண்டும். ஷெட்டில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்குவது அதற்கு ஈடாகாது.

சந்தேகம் இருந்தால் உங்கள் வண்டியின் ஆயில் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். மோர் நிறத்தில் வெளுத்த பசை ஒட்டியிருந்தால் அது தண்ணீர் கலந்த ஆயில். பேரிங், கேம், ராக்கர் எல்லாம் அதில்தான் வாரக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கிறது. சைலென்சரைப் பாருங்கள்: மேலே குரோம் பளபளக்கும், அடித் தையலில் குண்டூசி ஓட்டை விழுந்திருக்கும். துரு உள்ளேயிருந்து வந்தது. போதாக்குறைக்குக் குளிர் ஸ்டார்ட்டில் சோக் போட்டால் எரியாத பெட்ரோல் போரில், அதாவது சிலிண்டரின் உட்சுவரில், இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பேட்டரிக்காகத்தான் ஸ்டார்ட் செய்கிறோம் என்பார்கள் சிலர். புல்லட்டில் ஐடிலில் ஹெட்லைட் போட்டு ஆம்மீட்டர் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒருமுறை கவனிக்கச் சொல்லுங்கள், சார்ஜ் இறங்கும் பக்கம்தான்.

ஆகவே இரண்டே வழிதான். ஓட்டுங்கள், அல்லது முறையாகத் தயார் செய்து தொடாமல் நிறுத்துங்கள். ஓட்டுவது என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரேயடியாக 40, 50 கிலோமீட்டர். வேலூரிலிருந்து ஆற்காடு போய்த் திரும்பினால் கணக்கு சரியாக வரும், மக்கன் பேடா வாங்கிய மாதிரியும் இருக்கும். மே மாதம் என்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். 42 டிகிரி வெயிலில் காட்பாடி மேம்பாலத்து நெரிசலில் காற்றால் குளிரும் வார்ப்பிரும்பு இன்ஜினை ஐடிலில் நிறுத்தி வைப்பது வேறொரு சித்திரவதை.

சரி, பல வருஷம் நின்ற வண்டி இப்போது உங்கள் கையில் வந்திருக்கிறது. முதல் வேலை, கிக்கரில் காலை வைக்காமல் இருப்பது. பழைய வண்டி இரும்பு, எதையும் தாங்கும் என்பார்கள். இரும்பு என்பதால்தான் துருப்பிடிக்கிறது. வண்டி எந்த நிலையில் நின்றதோ அப்படியே ரிங் போரோடு ஒட்டியிருக்கும். உதைத்தால் ரிங் உடையும், துண்டு போரில் கோடு போடும். பிறகு ரிங் மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியாது. லேத்தில் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து 15, 20 மில்லி ஊற்றுங்கள். ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் டாப் கியர் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசையவில்லையா, இன்னும் இரண்டு நாள் விடுங்கள். நீளமான ராடு போட்டு நெம்ப வேண்டாம். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பிளக் ஓட்டையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு சுற்றுங்கள், உள்ளே தேங்கிய எண்ணெய் முகத்தில் அடிக்கும்.

வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட் 350-இல் அடுத்து வருவது ஆயில். எல்லோரும் தவறு செய்யும் இடமும் இதுதான். நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் டேங்க்கிலிருந்து பம்ப் வழியாக மெல்லக் கசிந்து ஃப்ளைவீல் சுற்றும் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் குறைவாகக் காட்டும். உடனே அரை லிட்டர், ஒரு லிட்டர் மேலே ஊற்றிவிடுவார்கள். ஸ்டார்ட் ஆனதும் கூடுதல் ஆயில் பிரீதர் வழியாகக் கக்கும், புகை தெருவையே மறைக்கும், ஆயில் சீல் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரிக்கச் சொல்வார்கள். ஒன்றும் போகவில்லை. அடியில் இருக்கும் வடிப்பு போல்ட்டுகளைக் கழற்றி, டேங்க்கில் இருப்பதையும் கிராங்க்கேஸில் இறங்கியதையும் சேர்த்து முழுதாக வடித்துவிடுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். புது 20W-50 மினரல் ஆயிலை டிப்ஸ்டிக் குறி வரை ஊற்றினால் போதும், சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் நல்லது என்று இதைவிடத் தடித்ததை ஊற்றாதீர்கள். பம்ப் சிறியது, குளிரில் கெட்டி ஆயில் போய்ச் சேர நேரமாகும்.

ஃபில்டர் போடும்போது அந்த அறையையும் ஆயிலால் நிரப்பித்தான் மூட வேண்டும். காலியாக மூடினால் அது நிரம்பும் வரை பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்துக்கு, ஆயில் போகாது. இந்த இன்ஜினில் பிக் எண்ட் ரோலர் பேரிங் இல்லை, மிதக்கும் புஷ். ஆயில் படலம் இருக்கிற வரை மிருதுவாக ஓடும், சில நொடி வறண்டாலே தேயத் தொடங்கும். மேலே சொன்ன இரும்பு தட்டும் சத்தம் பெரும்பாலும் இதுதான். பிளக் இல்லாமலே இருபது முப்பது தடவை மெதுவாகக் கிக்கரை அழுத்தி ஆயிலை ஏற்றுங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் மேல் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள். பம்ப்பைப் பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.

பிளக்கில் தீப்பொறி வரக் கரண்ட்டைத் துண்டித்துச் சேர்க்கும் பாயிண்ட்டின் முனைகளில் படிந்திருக்கும் படலத்தை மெல்லிய எமரி தாளால் தேய்த்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வையுங்கள். கண்டென்சரைப் புதிதாகவே போட்டுவிடுங்கள், சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டியிருக்கும், லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்தினால் விடுபடும். டாப்பெட்டை (வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளியை) முழுக் குளிரில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பார்க்க வேண்டும்: மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் புஷ் ராட் விரலால் தாராளமாகச் சுற்ற வேண்டும். “டிக் டிக்னு சத்தம் வருதுண்ணே, சுத்தமா நிறுத்திடுங்க” என்று மெக்கானிக்கை வற்புறுத்தி இறுக்க வைக்காதீர்கள். இறுக்கினால் சத்தம் போகும், கூடவே எக்ஸாஸ்ட் வால்வும் கருகும். லேசான சத்தம் அந்த இன்ஜினின் இயல்பு.

டேங்க்குக்கு வருவோம். உள்ளே துரு என்றதும் பாத்ரூம் ஆசிட் பாட்டிலைத் தூக்குகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைத் தின்றுவிட்டு அதோடு நிற்காது, தகட்டையும் தின்னும். கழுவி வெயிலில் வைத்த ஒரு மணி நேரத்தில் முன்பைவிடச் சிவப்பாகத் துரு ஏறும், சில மாதத்தில் அடியில் கசியும். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு நீக்கி வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு பிடி நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கினால் பெரிய செதில்கள் உதிரும். நீக்கியை வடித்த பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து, கொஞ்சம் பெட்ரோலில் ஆயில் கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் காக் இருப்பதும் அடியில்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி டேங்க்கோடு நின்ற வண்டியில் இது அதிகம். காக் வாஷர், பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ஊசியின் ரப்பர் முனை மூன்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. மைசூரில் ஜாவா, எஸ்டி தயாரித்த ஆலை 1996-இல் மூடியது. யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்றதும் அதே வருஷம். ஆக, மாற்றாமல் விட்ட கிராங்க் சீல் (கிராங்க்கின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையம்) எதுவானாலும் வயது முப்பதைத் தொட்டாயிற்று. ஓடோமீட்டரில் 12,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை, ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது. கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை விடும், அதையாவது கண்ணால் பார்க்கலாம். மறுபக்கத்துச் சீல் போனால் காற்றை இழுக்கும். கலவை மெலியும், ஐடில் தானாக ஏறும், வண்டி வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக ஓடுவது போலத் தோன்றும். அடுத்தது பிஸ்டன் சீஸ், அதாவது பிஸ்டன் சூட்டில் போரில் இறுகி நின்றுவிடும். சீல்களைப் போட்டுவிட்டுத்தான் சாலைக்கு எடுக்க வேண்டும்.

பழைய ஜாவாவுக்கு பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலக்க வேண்டும். புகை வருகிறதென்று இதைப் பாதியாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். புகை குறையும், பிஸ்டன் ஆயுளும் சேர்ந்து குறையும். ஆர்எக்ஸ் 100-இல் ஆயில் பம்ப் தனியாக இருப்பதால் வேறு தொல்லை: நின்ற வண்டியில் அந்தக் குழாயில் காற்று புகுந்திருக்கும். பம்ப்பில் உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து குமிழி நிற்கும் வரை விட்டு மூடுங்கள். முதல் டேங்க்குக்கு மட்டும் பெட்ரோலிலேயே லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்துகொண்டால் பம்ப் ஏமாற்றினாலும் இன்ஜின் தப்பும்.

பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. பசையால் ஒட்டிய லைனிங் பல வருஷ நிற்பில் ஷூவிலிருந்து விட்டுவிடும், ஓடும்போது கழன்றால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். டிரம்மைத் திறந்து பார்க்காமல் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்பது பேச்சே இல்லை. பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அப்படிப்பட்ட டயரோடு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். ஏறினாலும் 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள புல்லட்டை 60, 65-இல் ஓட்டுங்கள். பக்கத்தில் போகும் புது வண்டியோடு போட்டி போட்டால் அந்தப் பிக் எண்ட் புஷ் தாங்காது. பாலாற்றங்கரை, கல்குவாரிப் பக்கம் தினமும் போகிறவர்கள் 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள், நின்ற வண்டியில் எலி அங்கேதான் குடித்தனம் நடத்தும். வயரிங்கையும் கடித்திருக்கும்.

ஊரை விட்டுப் போகிறவர்கள், ஆறு மாதத்துக்கு மேல் ஓட்ட மாட்டோம் என்பவர்கள் இப்படி நிறுத்துங்கள். அரை மணி ஓட்டிச் சூடாக்கி, சூட்டோடு ஆயிலை மாற்றுங்கள். நிற்கப் போகிற வண்டிக்கு எதற்குப் புது ஆயில் என்று கேட்காதீர்கள், பழைய ஆயிலில் அமிலம் இருக்கிறது. டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுதாகக் காலி செய்யுங்கள். டேங்க் உள்ளே ஆயில் சுழற்றுங்கள். பிளக் வழியாக 10 மில்லி ஆயில் விட்டு இரண்டு சுற்று சுற்றி, நான்கு ஸ்ட்ரோக் வண்டியானால் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள், அப்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். சைலென்சர் வாயில் எண்ணெய்த் துணி. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள். நடு ஸ்டாண்டு. பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், அது ஈரத்தைச் சிறை வைக்கும், பழைய பருத்திப் போர்வை போதும். ஆர்.சி.யில் 15 ஆண்டு முடியும் தேதியையும், புதுப்பித்த வண்டியானால் அதற்கடுத்த ஐந்தாண்டுத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹேண்டில்பாரில் ஒரு அட்டை கட்டுங்கள்: “பெட்ரோல் இல்லை. உதைக்காதே.” ஊரிலிருந்து மாமா, சித்தப்பா யார் வந்தாலும் முதலில் கால் வைப்பது கிக்கரில்தான்.