கண்ணுக்குத் தெரியாத தழும்பு

பெங்களூரு அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், தலைப்பிரசவம் வேலூர், தருமபுரிப் பக்கம் தாய்வீட்டில் நடக்கும்; இரண்டாவதற்கு உள்ளூர் மருத்துவமனையிலேயே பெயர் பதிவார்கள். முதலாவது சிசேரியனாகி, இரண்டாவதாவது சுகப்பிரசவமாகுமா என்று கேட்டால், மருத்துவர் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்பார். அதுவோ அம்மா வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கும்.

வயிற்றுத் தோலில் தழும்பு குறுக்காக இருப்பதால் கருப்பையையும் குறுக்காகவே வெட்டியிருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. பிரசவ வலியின்போது கருப்பையின் மேற்பகுதி இறுகிக் குழந்தையைத் தள்ளுகிறது. கீழ்ப்பகுதி மெலிந்து விரிந்துகொடுக்கிறது. வெட்டிய இடம் பெரும்பாலும் நார்த்திசுவால் மூடப்படுவதால், அதற்குத் தசையைப் போல இறுகத் தெரியாது, இழுபட மட்டுமே தெரியும். கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்குவெட்டு இருந்தால், வலியின்போது அது பிளப்பது 1,000 பேரில் ஏறத்தாழ 5 முதல் 9 பேருக்கு. மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் அதைவிடப் பல மடங்கு. ‘ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்று நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் 1916இல் எழுதியது நெடுக்குவெட்டே வழக்கமாக இருந்த காலத்தில். தேவையற்ற முதல் சிசேரியனைத் தடுக்கவே அவர் அப்படி எச்சரித்தார் என்பது பலருக்கு மறந்துபோயிற்று.

தழும்பு பிளக்கும்போது தாய்க்குத் திடீர் வலி வந்தே தீரும் என்றில்லை. பெரும்பாலும் முதலில் தடுமாறுவது குழந்தையின் இதயத்துடிப்புதான்; அதனால்தான் அதை இடைவிடாமல் கவனிக்கிறார்கள். நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டால் ஆக்சிஜன் நின்றுபோகும், தாய்க்கு உள்ளே ரத்தம் பெருகும், சிலவேளை கருப்பையையே எடுக்க நேரும். கையிலிருப்பது சில நிமிடங்களே என்பதால், அறுவை மருத்துவர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டி வந்துசேர வேண்டிய மருத்துவமனை இதற்கு ஆகாது.

இரண்டு பிரசவங்களுக்கும் இடையே 18 மாதத்துக்குக் குறைவான இடைவெளி இருந்தாலும், மருந்து கொடுத்து வலியை வரவழைத்தாலும் ஆபத்து கூடும். வலியை வரவழைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை அறவே தவிர்ப்பார்கள். முயல்பவர்களில் 60 முதல் 80 விழுக்காட்டினருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஆகாமல் நடுவில் அவசர சிசேரியனுக்குப் போனால், தேதி குறித்துச் செய்வதைவிடக் கிருமித்தொற்றும் ரத்தப்போக்கும் அதிகம். அதற்காக மறு சிசேரியன் ஆபத்தற்றது என்றும் ஆகாது: ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பிலேயே வேரோடும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது.

பீரோவிலிருந்து வரும் அந்தத் தாளில் ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்றிருந்தால் வெட்டு கீழ்ப்பகுதியில்; ‘கிளாசிக்கல்’ என்றிருந்தால் மேற்பகுதியில் நெடுக்குவெட்டு, வலி வரும்வரை காத்திராமல் சிசேரியனுக்கு நாள் குறித்துவிடுவார்கள்.